அரசுப் பணியும் அந்தரங்க வாழ்வும்



கோவில்பட்டியைச் சூழ்ந்த கரிசல் நிலம் வானம் பார்த்த பூமி. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் பருத்தியும் கம்பும் கைவிட்டுப் போகும். ஆதலின், மாதந்தோறும் தவறாது வரும் அரசாங்கச் சம்பளத்தின் அருமையை உங்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. அத்தகைய வேலையை, கடமையில் ஒரு குறையும் இன்றி, தன்பாலீர்ப்பு உடையவர் என்ற ஒரே காரணத்தால் இழந்தோர் பலர். அவர்தம் வரலாற்றை இன்று சிறிது காண்போம்.

நம் நாட்டில் இதற்கு வித்திட்டது ஆங்கிலேயர் 1860-இல் இயற்றிய இந்தியத் தண்டனைச் சட்டம். அதன் 377-ஆம் பிரிவு இத்தகைய உறவைக் குற்றமாக்கியது. வழக்குத் தொடராத இடத்திலும் அதன் நிழல் மனிதரை அச்சுறுத்தியது.

அமெரிக்காவில் 1953-இல் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் 10450-ஆம் நிர்வாக ஆணையைப் பிறப்பித்தார். அதன்வழி ஆயிரக்கணக்கானோர் பணியிழந்தனர். அவர்களை மிரட்டிப் பகைவர் அரசாங்க இரகசியங்களைப் பெறக்கூடும் என்பதே சொல்லப்பட்ட காரணம். மிரட்டலுக்கு இடந்தந்தது எது? உண்மை வெளிப்பட்டால் வேலை போகும் என்ற அச்சமன்றோ? அவ்வச்சத்தை விளைத்ததும் அவ்வரசே. இராணுவ நிலப்படத் துறையிலிருந்து 1957-இல் நீக்கப்பட்ட வானியலறிஞர் பிராங்க் காமெனி நீதிமன்றம் சென்றார், வெல்லவில்லை. 2009-இல்தான் அரசு அவரிடம் மன்னிப்புக் கோரியது.

இந்தியாவிலும் இத்தகைய நிகழ்ச்சிகள் உண்டு. 1987-இல் மத்தியப் பிரதேசக் காவல் படைப்பெண்டிர் இருவர் தம்முள் மணம் புரிந்துகொண்டனர். அதன் பயனாக இருவரும் வேலையிழந்தனர். அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மராத்திப் பேராசிரியர் சிராஸ், ஓய்வுபெறும் வயதை நெருங்கியிருந்தவர். 2010 பிப்ரவரியில் அவர்தம் இல்லத்துள் சிலர் ஒளிப்படக் கருவியோடு அத்துமீறி நுழைந்தனர். நுழைந்தோரின் அத்துமீறலைக் காட்டிலும் பேராசிரியரின் தனிவாழ்வே நிர்வாகத்துக்குப் பெருங்குற்றமாகத் தோன்றிற்று. அவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார். ஏப்ரல் 1-ஆம் நாள் அலகாபாத் உயர் நீதிமன்றம் அவ்வாணையை நிறுத்திவைத்தது. ஒரு வாரத்துக்குள் அவர் தம் இருப்பிடத்தில் இறந்து கிடந்தார். நீதி கிடைத்தது, அதனைத் துய்க்க அவர் இல்லை.

2018 செப்டம்பர் 6-ஆம் நாள், வயது வந்தோர் மனமொத்துக் கொள்ளும் உறவு குற்றமன்று என உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதன் அடிப்படையில், உத்தரப் பிரதேசத்தில் நீக்கப்பட்ட ஊர்க்காவல் படைவீரர் ஒருவரை மீண்டும் பணியில் அமர்த்துமாறு 2021-இல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஆணையிட்டது. அதே ஆண்டில் சென்னை உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பைத் தொடர்ந்து, இத்தகையோரைக் காவலர் துன்புறுத்தலாகாது என 2022-இல் தமிழக அரசு நடத்தை விதி வகுத்தது.

விதி ஏட்டில் ஏறுவது எளிது. அலுவலகத்தில் நடைமுறைக்கு வருவது அரிது. உங்களுட் சிலர் நாளை அதிகாரிகளாவீர்கள். ஒருவருடைய கோப்பு உங்கள் மேசைக்கு வரும்போது, அவர் வேலையைச் செவ்வனே செய்தாரா என்று மட்டும் கேளுங்கள். சிராஸ் விஷயத்தில் அன்று கேட்கப்படாத கேள்வி அது.