கண்ணுள்ள படகுகள்

புனித பவுல் கப்பலுடைந்து கரையேறிய மால்தாத் தீவின் தென்கிழக்கே மார்சஷ்லோக் என்னும் மீனவர் ஊர் உள்ளது. அரபு வழிவந்த 'மார்சா' துறைமுகத்தைக் குறிக்கும். 'ஷ்லோக்' தென்கிழக்குக் காற்றின் பெயர். 1565இல் துருக்கியக் கடற்படை நங்கூரமிட்டது இவ்விரிகுடாவில்தான். 1610இல் இங்குக் காவற்கோட்டை எழுப்பத் தொடங்கினர்.

ஆயினும் கோட்டையைவிட 'லுட்சு' என்னும் மரப்படகே நம்மை நிறுத்துகிறது. நீலமும் மஞ்சளும் சிவப்பும் தீட்டிய அதன் முகப்பில் இரு கண்கள் விழித்திருக்கும். இது பெனீசியர் வழிவந்த வழக்கம் என்பர். அக்கண்களுடைய படகுகள் பலவற்றிற்குப் புனிதரின் பெயர்! இதில் வியப்பென்ன? அருகிலுள்ள தாஸ்-சில்ஜ் குன்றில் அஸ்தார்த்தே கோயில் இருந்த இடத்திலேயே பின்னர் கிறிஸ்தவ ஆலயம் எழுந்தது.

இன்று கண்ணாடியிழைப் படகுகள் பெருகிவிட்டன. லுட்சு கட்டும் தச்சர் அருகிவருகின்றனர். எஞ்சிய படகுகள் சில, வலைக்குப் பதிலாகச் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்கின்றன.