562 ஏரிகளும் ஒரு கம்பியும்

1880-களில் பிரிட்டிஷ் அரசிடம் விஞ்ஞானிகள் ஒரு கோரிக்கை வைத்தார்கள். ஸ்காட்லாந்தின் ஏரிகள் எவ்வளவு ஆழம் என்று அளந்து தர வேண்டும். அவ்வளவுதான். நிலத்தை அளக்கும் ஆர்ட்னன்ஸ் சர்வே, கரையோடு எங்கள் வேலை முடிகிறது என்றது. கடலை அளக்கும் அட்மிரால்டி, கப்பல் போக்குவரத்துக்கு வேண்டாத நன்னீர் எங்கள் பொறுப்பில் வராது என்றது. ஐ.டி. கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு இந்தக் காட்சி பழகியதுதான். இரண்டு டீமும் டிக்கெட்டை மாற்றி மாற்றித் தள்ளிவிட்டுக் கடைசியில் மூடிவிட்டார்கள்.

கேட்டவர்களில் முக்கியமானவர் ஜான் முர்ரே. 1872 முதல் 1876 வரை சேலஞ்சர் கப்பலில் உலகக் கடல்களைச் சுற்றிவந்த ஆய்வுக் குழுவில் இருந்தவர். பெருங்கடலின் ஆழம் தெரிகிறது, வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஏரியின் ஆழம் தெரியவில்லை என்பது அவரை உறுத்தியிருக்க வேண்டும். 1897-இல் அரசை நம்பாமல் தானே இறங்கினார். கூடவே வந்தவர் ஃப்ரெட் புல்லர் என்ற இளைஞர். சிறிய துடுப்புப் படகின் விளிம்பில் பொருத்தக்கூடிய அளவுக் கருவி ஒன்றை ஃப்ரெட் வடிவமைத்தார். ஓர் உருளை, அதில் சுற்றிய எஃகுக் கம்பி, நுனியில் எடை. எவ்வளவு கம்பி இறங்கியது என்பதை முகப்பில் படித்துக்கொள்ளலாம்.

1901 பிப்ரவரி 15. ஸ்டெர்லிங் அருகே ஏர்த்ரீ ஏரி உறைந்து கிடந்தது. மேலே மக்கள் சறுக்கிக்கொண்டிருந்தபோது பனிக்கட்டி உடைந்தது. ஃப்ரெட் தண்ணீரில் இறங்கிச் சிலரைக் காப்பாற்றினார். மறுபடியும் ஒருவரைக் காப்பாற்றப் போனவர் திரும்பி வரவில்லை.

வேலையைக் கைவிட்டுவிடலாம் என்று முர்ரே நினைத்தார். அவரைத் தொடரச் செய்தவர் ஃப்ரெட்டின் அப்பா லாரன்ஸ் புல்லர். அளவீடு நிற்கக் கூடாது என்று 10,000 பவுண்டு கொடுத்தார். அன்றைக்கு அது சாதாரணத் தொகை இல்லை. மகனைத் தண்ணீர் கொண்டுபோன பிறகு, அதே நாட்டின் தண்ணீரையெல்லாம் அடிவரை அளக்கச் சொன்ன அந்த மனிதரைப் பற்றி எனக்கு இன்னும் நிறையத் தெரிந்துகொள்ள ஆசை. 1909-க்குள் 562 ஏரிகள், 60,000-க்கும் மேற்பட்ட அளவுகள். 1910-இல் ஆறு தொகுதிகளாக வெளிவந்தன.

இதையெல்லாம் நான் படிக்க நேர்ந்தது ஒரு வாட்ஸப் கேள்வியால். இன்வர்னஸ் பக்கம் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன் ட்ரவுட் மீன் பிடிக்கப் பழகியிருக்கிறான். "மச்சி, ஏரி மேப் போடற ஃபிஷ் ஃபைண்டர் வாங்கணும். நீதான் ஸ்பெக் எல்லாம் படிப்பியே, எதுன்னு சொல்லு." நான் மீன் சாப்பிடுகிறவன், பிடிக்கிறவன் இல்லை. ஆனால் ஸ்பெக் படிப்பேன் என்பது உண்மை.

கருவியின் தத்துவம் எளிது. ஒலியை அனுப்பு, எதிரொலி வரும்வரை நேரத்தை எண்ணு, ஒலியின் வேகத்தால் பெருக்கு, பாதியாக்கு. அந்த வேகத்தை 1826-இல் ஜெனீவா ஏரியில் கொலாடோனும் ஸ்தூர்மும் அளந்திருந்தார்கள். ஒரு படகில் தண்ணீருக்குள் மணி அடிக்கும், அதே நொடியில் மேலே வெடிமருந்து மின்னும். பல கிலோமீட்டர் தள்ளி இன்னொரு படகில் ஒருவர் நீருக்குள் ஊதுகுழல் போன்ற குழாயை விட்டுக் காதை வைத்துக் காத்திருப்பார். கிடைத்த விடை நொடிக்கு 1,435 மீட்டர். இவ்வளவு தெரிந்தும் முர்ரேவின் ஆட்கள் கம்பியைத்தான் நம்ப வேண்டியிருந்தது, ஏனென்றால் எதிரொலியை நம்பகமாகப் பிடிக்கும் கருவிகள் முதல் உலகப் போரை ஒட்டித்தான் உருவாயின. மீனைத் தேடும் முதல் வணிகக் கருவியை 1948-இல் ஜப்பானில் ஃபுருனோ சகோதரர்கள் கொண்டுவந்தார்கள். சுமார் பத்து வருடம் கழித்து அமெரிக்காவின் மிசௌரியில் லோரன்ஸ் குடும்பம், பொழுதுபோக்குக்கு மீன் பிடிப்பவர்கள் கையில் தூக்கிப் போகும் பச்சைப் பெட்டி ஒன்றை விற்றது. திரையெல்லாம் கிடையாது, சுழலும் ஒரு விளக்கு வட்ட முகப்பில் ஆழத்துக்கு நேராக மின்னும்.

முர்ரேவின் ஆட்கள் கரையில் ஒரு குறியைப் பார்த்து நேராகத் துடுப்புப் போடுவார்கள். இத்தனை துடுப்புக்கு ஒருமுறை நிறுத்திக் கம்பியை இறக்குவார்கள். சராசரி போட்டால் ஏரிக்கு 107 புள்ளி. என் நண்பன் பார்த்துக்கொண்டிருந்த கருவி ஒரு நிமிடத்துக்குள் அதைத் தாண்டிவிடும். அப்படியென்றால் அந்தக் கம்பி தோற்றுவிட்டதா?

லாக் நெஸ்ஸைப் பாருங்கள். (ஸ்காட்லாந்தில் ஏரிக்கு லாக் என்று பெயர்.) கம்பி சொன்ன ஆழம் 754 அடி. 1987-இல் ஆபரேஷன் டீப்ஸ்கேன் என்று இருபதுக்கு மேற்பட்ட படகுகளை வரிசையாக நிறுத்தி, லோரன்ஸ் கருவிகளைப் பொருத்தி, ஏரியைச் சோனாரால் சீப்பு மாதிரி வாரினார்கள். விளக்கம் கிடைக்காத சில எதிரொலிகளோடு முடிந்தது. 2016 தொடக்கத்தில் ஒரு படகின் சோனார் 889 அடி காட்டியது. அசுரப் பிராணி பதுங்கும் பள்ளம் கிடைத்துவிட்டது என்று பத்திரிகைகள் குதித்தன. அதே வருடம் ஒரு நீரடி ரோபோ போய்ப் பார்த்தது. பள்ளம் இல்லை. ஆழம் பழைய ஆழமேதான். அடியில் கிடைத்தது 1969-இல் பில்லி வைல்டர் படத்துக்காகச் செய்து மூழ்கிப்போன பொம்மை.

889 எங்கிருந்து வந்தது? கம்பி ஒரு புள்ளியைத் தொடுகிறது. ஒலியோ கூம்பாக விரிகிறது. 20 டிகிரி கூம்பு 10 மீட்டர் ஆழத்தில் மூன்றரை மீட்டர் வட்டம், 230 மீட்டரில் 80 மீட்டருக்கு மேல். லாக் நெஸ்ஸின் பக்கங்கள் சுவர் மாதிரி செங்குத்தாக இறங்குபவை. சுவரில் பட்டுச் சுற்றுவழியாகத் திரும்பும் ஒலி தாமதமாக வரும். கருவிக்குத் தாமதம் என்றால் ஆழம். அதற்கு வேறெதுவும் தெரியாது.

அதனால் நண்பனிடம் சொன்னதன் சாரம் இது. திரை எத்தனை இன்ச் என்று முதலில் பார்க்காதே, தண்ணீருக்குள் இருக்கும் டிரான்ஸ்டியூசரின் கூம்பு எத்தனை டிகிரி என்று பார். கூம்பு குறுகினால் அடித்தளம் துல்லியம், விரிந்தால் மீன் அதிகம் தெரியும், இரண்டையும் மாற்றிக்கொள்ள முடிந்தால் நல்லது. ஜிபிஎஸ் உள்ளேயே இருக்க வேண்டும், நீ ஓட்ட ஓட்ட அது சம ஆழக் கோடுகளை வரைய வேண்டும். கார்மினில் குவிக்டிரா, ஹம்மின்பேர்டில் ஆட்டோசார்ட் என்று பெயர்தான் வேறு. டிரான்ஸ்டியூசர் நீர்மட்டத்துக்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதை முதல் நாளே அளந்து கருவிக்குச் சொல். வேகமாக ஓட்டினால் குமிழிகள் சிக்னலைக் கெடுக்கும். முக்கியமாக, நீ போகாத இடத்திலும் கோடு வழுவழுவென்று ஓடினால் சந்தேகப்படு. அது இரண்டு தடங்களுக்கு நடுவே மென்பொருள் போட்ட ஊகம். அப்படிப்பட்ட ஊகங்களை எழுதிச் சம்பளம் வாங்குகிறவன் சொல்கிறேன்.

இன்னொன்றும் சொன்னேன், அவனுக்கு அது பிடிக்கவில்லை. இந்தக் கருவிகள் வரையும் மேப்பை மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளலாம். "நான் கண்டுபிடிச்ச இடத்தை ஊருக்கே ஏன்டா காட்டணும்?" என்றான். மீன்காரர்களின் பழைய நியாயம், அதில் தப்பில்லை. ஆனால் பகிர்ந்தாலும் அது போய்ச் சேருவது பெரும்பாலும் அந்தந்தக் கம்பெனியின் சர்வரில், அவரவர் கருவிக்கென்று. லாரன்ஸ் புல்லர் காசில் அளந்த வரைபடங்களோ இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடக்கின்றன. ஆழ்நீரில் ஃபெராக்ஸ் ட்ரவுட் தேடுகிறவர்கள் நூறு வயதான அந்தத் தாள்களை இன்னும் பார்க்கிறார்கள்.

அவன் கடைசியில் ஐந்து இன்ச் திரையுள்ள ஒன்றை வாங்கி லாக் முல்லார்டாக்குக்குப் போனான். நீர்மின்சாரத்துக்காக 1950-களின் தொடக்கத்தில் அணை கட்டிய ஏரி அது. நீர்மட்டம் ஏறி இறங்கும் இடம், ஒருநாள் வரைந்த மேப் அடுத்த மாதம் பல அடி பொய்யாகலாம். அதற்கென்றே கருவியில் நீர்மட்டத் திருத்தம் இருக்கிறது, போட மறக்காதே என்று சொல்லி அனுப்பினேன். கூடவே முர்ரே-புல்லர் வரைபடத்தையும் அனுப்பினேன். அதில் முல்லார்டாக் ஒரு ஏரி, அதற்கு மேற்கே லுங்கார்ட் இன்னொரு ஏரி. நடுவே நிலம். அணைக்குப் பிறகு இரண்டும் ஒன்றாகிவிட்டன. அவன் மேற்கு நோக்கி மெல்ல ஓட்டிக்கொண்டு போனபோது அடித்தளம் திரையில் ஏறி ஏறி வந்து, கொஞ்சத் தூரம் மேடாகவே ஓடி, மறுபடி இறங்கியிருக்கிறது. ஸ்கிரீன்ஷாட் அனுப்பிவிட்டு, "மீன் ஒண்ணும் காணோம், ஆனா ஒரு கரை வந்துது" என்று எழுதியிருந்தான்.