குடவோலையும் கண்ணாடி டம்ளரும்

விடியுமுன்பே உத்திரமேரூர் பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள டீக்கடைகளில் பாய்லர் கொதிக்கத் தொடங்கிவிடுகிறது. முதல் பேருந்தை எடுக்கும் ஓட்டுநரும் நடத்துநரும், ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஆலை வேலைக்குக் கம்பெனி வண்டி ஏறும் இளைஞர்களும், பாலை ஊற்றிவிட்டுத் திரும்புகிறவர்களும், கல்குவாரி லாரிக்காரர்களும் அந்த ஒரு மணி நேரத்தில் ஒரே பெஞ்சில் வந்து போகிறார்கள். வழக்கமாக வருகிறவரிடம் மாஸ்டர் எதுவும் கேட்பதில்லை. ஸ்ட்ராங்கா, லைட்டா, சர்க்கரை கம்மியா என்பது அவர் கைக்கே தெரியும்.

அதே ஊரில், சற்று நடந்தால், வைகுண்டப்பெருமாள் கோயில். அதன் சுவரில் முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம், 14-ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன, காலம் பொ.ஆ. 919, 921. ஊரைக் குடும்பு எனும் 30 பகுதிகளாகப் பிரித்து, தகுதியுள்ளோர் பெயரை ஓலை நறுக்கில் எழுதிக் குடத்திலிட்டு, சூதறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்த குடவோலை முறையை அவை வரிவரியாகச் சொல்கின்றன. ஏரி வாரியம், தோட்ட வாரியம், சம்வத்சர வாரியம் எனப் பணிகள் பிரிக்கப்பட்டன. கணக்குக் காட்டாதவர் மறுபடி வர முடியாது. 2020 டிசம்பரில் புதிய நாடாளுமன்றத்துக்கு அடிக்கல் நாட்டிய விழாவில் பிரதமரே இந்த ஊரைக் குறிப்பிட்டார்.

அந்தச் சுவரையும் இந்தப் பெஞ்சையும் ஒரே கோட்டில் இணைத்துவிடும் ஆசை எழுதுகிறவர்களுக்கு எளிதில் வரும். ஆயிரம் ஆண்டுக்கு முன் சபை கூடிய ஊரில் இன்று டீக்கடையில் சபை கூடுகிறது என்று சொல்லிவிடலாம். கேட்க இனிமையாகவும் இருக்கும். ஆனால் அது வரலாறு ஆகாது. கல்வெட்டின் சபை, பிராமணருக்குத் தானமாக விடப்பட்ட பிரம்மதேய ஊரின் சபை. கால் வேலிக்குமேல் வரி செலுத்தும் நிலம், சொந்த மனையில் வீடு, 35-க்கு மேல் 70-க்குள் வயது, வேதக் கல்வி ஆகியவை இருந்தால்தான் பெயர் குடத்துக்குள் போகும். வயலில் நாற்று நட்டவருக்கும் ஏரிக்கரைக்கு மண் சுமந்தவருக்கும் அதில் ஓலை இல்லை. டீக்கடை பொதுவெளியானது அந்தச் சபையின் வழிவந்ததால் அல்ல. அதற்கு நேர் எதிரான ஒரு போராட்டத்தின் வழியே. அந்தப் போராட்டத்தின் தடயம் பேச்சிலோ ஓலையிலோ இருப்பதைவிட, குடிக்கும் ஏனத்தில்தான் அழுத்தமாகப் பதிந்திருக்கிறது.

கடை பொதுவெளியாவது போராட்டத்தின் வழியே என்பதைத் தெளிவாகப் பார்க்கக் கனடா உதவும். அந்த நாட்டு அன்றாட வாழ்வில் நம் டீக்கடையின் இடத்தில் இருப்பது காப்பி, டோனட் கடை. 1964-இல் ஐஸ் ஹாக்கி வீரர் டிம் ஹார்ட்டன் பெயரில் ஹாமில்டன் நகரில் தொடங்கிய கடை இன்று நாடெங்கும் கிளைவிட்டிருக்கிறது. இரண்டு பங்கு கிரீமும் இரண்டு பங்கு சர்க்கரையும் கலந்த காப்பியைக் குறிக்கும் ‘டபுள் டபுள்’ என்ற கடைச்சொல் 2004-இல் கனடிய ஆக்ஸ்போர்டு அகராதியில் ஏறியது. டோனட்டின் வரலாற்றை எழுதி 2008-இல் நூலாக வெளியிட்ட ஸ்டீவ் பென்ஃபோல்ட், இது மண்ணில் தானாக முளைத்த தேசியச் சின்னம் அல்ல என்கிறார். காரும், புறநகரும், பெருவணிகமும் சேர்ந்து வளர்த்தெடுத்த பழக்கம் அது.

ஆனால் டோனட் கடைகள் பெருகுவதற்கு முன்பே அதே ஒன்டாரியோ மாநிலத்தில் வேறொரு கதை நடந்துவிட்டது. டிரஸ்டன் என்ற சிற்றூரில் கே கஃபே முதலிய உணவகங்கள் கறுப்பின மக்களுக்குப் பரிமாற மறுத்தன. ஹியூ பர்னெட் என்ற தச்சர் முன்னின்று, இந்தப் பாகுபாட்டைத் தடைசெய்யக் கோரினார். 1949 டிசம்பரில் ஊர் வாக்கெடுப்பு நடந்தது. தடை வேண்டாம் என்று 517 பேரும் வேண்டும் என்று 108 பேரும் வாக்களித்தனர். 1954-இல் மாநில அரசு சட்டம் கொண்டுவந்த பிறகும் கடைக்காரர் இணங்கவில்லை. வழக்கு, தண்டனை, மேல்முறையீடு எல்லாம் முடிந்து 1956-இல்தான் அங்கே கறுப்பினத்தவர் மேசையில் அமர்ந்து உண்ண முடிந்தது. ஊர் கூடி வாக்களிப்பதும் ஊரார் கூடி உண்பதும் ஒன்றல்ல என்பதை இதைவிடத் தெளிவாகக் காட்டும் சான்று கிடைப்பது அரிது. பெரும்பான்மையின் கை ஓங்கிய இடத்தில் கதவைத் திறந்தது, மறுக்கப்பட்டவர்களின் விடாப்பிடியும் அவர்கள் பெற்ற சட்டமும்.

தமிழ்நாட்டுக் கணக்கு இதைவிட நீளமானது. காலையில் நீராகாரம் குடித்த நாட்டில் காப்பி எப்படி நடுத்தர வர்க்கத்தின் அடையாளமாயிற்று, தேநீர் எப்படி உழைப்பாளிகள் பக்கம் சாய்ந்தது என்பதை ஆ. இரா. வேங்கடாசலபதி ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ நூலில் விரிவாகக் காட்டியிருக்கிறார். காப்பிக் கிளப்புகளில் சாதி பெயர்ப்பலகையிலேயே இருந்தது. ரயில் நிலைய உணவகங்களில் பிராமணருக்குத் தனியிடம் ஒதுக்கும் வழக்கம் 1941-இல்தான் நின்றது. சென்னை முரளி கஃபேயின் ‘பிராமணாள்’ பலகையை எதிர்த்துப் பெரியார் 1957-இல் தொடங்கிய மறியல் மாதக்கணக்கில் நீண்டது. தேநீருக்கு அப்படிப் பலகை தேவைப்படவில்லை. தேயிலை முதலாளிகளின் விளம்பரத்துக்காக 1903-இலேயே தீர்வைச் சட்டம் வந்தது. பின்னாளில் தேயிலையை நசுக்கிச் சுருட்டும் சிடிசி எந்திரம் மலிவான தூளைப் பெருக்கியது. ஒரு பிடித் தூளில் பல டம்ளர் இறங்கும் என்பதால் சாலையோரக் கீற்றுக் கொட்டகைக்கும் டீ வந்து சேர்ந்தது. ஆனால் பலகை இல்லாத இடத்தில் டம்ளர் அந்த வேலையைச் செய்தது.

கொட்டாங்குச்சியிலிருந்து தொடங்க வேண்டும். தலித் தொழிலாளிக்குக் கொட்டாங்குச்சியில் ஊற்றிக் கொடுத்த வழக்கம் தமிழகக் கிராமங்களில் பரவலாகப் பதிவானது. அடுத்து வந்தது தனிக் குவளை. கொட்டகைக்கு வெளியே தனியாக ஒரு டம்ளர் இருக்கும். குடிப்பவரே எடுத்து, உயரத்திலிருந்து ஊற்றப்படுவதை வாங்கி, குந்தியோ நின்றோ குடித்து, தானே கழுவி வைக்க வேண்டும். காசு மட்டும் இரு சாராருக்கும் ஒன்றுதான். அரசமைப்பின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. கடைகளும் உணவகங்களும் எல்லோருக்கும் உரியவை என 15-ஆவது பிரிவு சொன்னது. 1955-இல் தீண்டாமைக்குத் தண்டனை விதிக்கும் சட்டமும் வந்தது, ஒன்டாரியோவின் சட்டத்துக்கு அடுத்த ஆண்டு. அதற்கெல்லாம் முன்பே, மதுராந்தகம் வட்டாரத்துக் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன், பொதுச் சாலையும் கிணறும் எல்லோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை 1924-இல் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றினார். உத்திரமேரூரின் பொதுவாழ்வுக்கு ஒரு முன்னோரைத் தேட வேண்டுமென்றால், சோழர் கல்வெட்டைவிட இந்தப் பக்கத்து ஊர்க்காரரின் தீர்மானமே நெருக்கமானது.

சட்டம் வந்ததும் டம்ளர் ஒன்றாகிவிடவில்லை. 11 மாநிலங்களில் 565 கிராமங்களை ஆராய்ந்து, கன்ஷ்யாம் ஷா, சுகதேவ் தோரட் முதலியோர் 2006-இல் வெளியிட்ட ‘கிராம இந்தியாவில் தீண்டாமை’ ஆய்வு, ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிராமங்களில் தேநீர்க்கடையில் தனி இருக்கையோ தனி ஏனமோ இருந்ததைக் கண்டது. தனிக் குவளைக்குப் பின் வந்தது பேப்பர் கப். அதை ஆய்வாளர்கள் இன்னும் கவனமாகப் பார்த்திருக்க வேண்டும். ஒருமுறை குடித்துக் கசக்கி எறியும் கப்பில் யார் வாய் வைத்தார் என்ற கேள்வியே எழாது. ஆனால் ஒருவருக்குக் கண்ணாடி டம்ளரும் இன்னொருவருக்குக் காகிதமும் நீட்டப்படும் கடையில் பழைய வேற்றுமை தடயமில்லாமல் தொடர முடியும். சில ஊர்களில் அப்படித் தொடர்ந்ததை இயக்கங்கள் சுட்டிக்காட்டியுமிருக்கின்றன. தனிக் குவளையைக் கைப்பற்றி வழக்கில் காட்டலாம். குப்பையில் கிடக்கும் கப்பை என்ன செய்வது? 2019 ஜனவரியில் தமிழக அரசு பிளாஸ்டிக் பூசிய கப்புகளைத் தடை செய்தபோது பேச்சு முழுக்கச் சுற்றுச்சூழலைப் பற்றியே இருந்தது. அந்தத் தடை கண்ணாடி டம்ளரை மீண்டும் எல்லோர் கைக்கும் கொண்டுவருமானால், அது சுற்றுச்சூழலைத் தாண்டிய செய்தி.

டீக்கடைப் பேச்சின் கதை நன்கு அறியப்பட்டதுதான். ஆதித்தனார் 1942-இல் மதுரையில் தொடங்கிய தினத்தந்தி, வாசிக்கத் தெரிந்த ஒருவர் உரக்கப் படிக்க மற்றவர் கேட்கும் எளிய தமிழை டீக்கடைக்குக் கொண்டுவந்தது. திராவிட இயக்கப் படிப்பகமும் முடிதிருத்தகமும் அதற்குத் துணை நின்றன. நாளிதழ் ஒன்று அரசியல் வம்புக்கு ‘டீக்கடை பெஞ்சு’ என்றே பெயர் வைத்தது. உத்திரமேரூர் பெஞ்சில் பேசப்படுபவை அதைவிடக் கனமானவை: நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை எப்போது எடுப்பார்கள், பெரிய ஏரியில் தண்ணீர் எத்தனை அடி, எந்த மதகு அடைத்துக்கிடக்கிறது. கல்வெட்டுக் காலத்து ஏரி வாரியத்தின் அலுவலே இது. இன்று அதைப் பேச வேதம் ஓதியிருக்க வேண்டியதில்லை. டீக்குக் காசு இருந்தால் போதும், காசில்லாதவருக்குக் கணக்கு நோட்டும் உண்டு. பெருவணிகச் சங்கிலிக் கடைகள் ஈடுகொடுக்க முடியாத இடம் அந்த நோட்டுத்தான்.

எனினும் இந்த வெளியில் பாதி ஊர் இல்லை. லண்டன் காப்பி விடுதிகளைப் புகழ்ந்த ஐரோப்பியக் கோட்பாடுகள் பெண்களை மறந்ததைப் பின்வந்தோர் கண்டித்தார்கள். தமிழில் டீக்கடையைக் கொண்டாடும் எழுத்துக்கு அந்தக் கண்டனம் இன்னும் முழுதாக வரவில்லை. டீயைப் பெண்கள் குடிக்காமலில்லை. நடவு வயலுக்கும் நூறு நாள் வேலைத்தளத்துக்கும் தூக்குவாளியிலோ பிளாஸ்கிலோ அது போகிறது. பெண்ணிடம் டீ வந்து சேர்கிறது. பெஞ்சு வந்து சேர்வதில்லை. வாங்கி வரப் பெரும்பாலும் ஒரு பையனை அனுப்புகிறார்கள்.

2021 மே மாதம் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தது. காலை ஷிப்டுக்குப் போகும் இளம்பெண்களும், காய்கறிக் கூடையோடு சந்தைக்குப் போகிறவர்களும் அந்தப் பேருந்துகளுக்காக நிலையத்தில் காத்திருக்கிறார்கள். அவர்களில் சிலர் கடை வாசலில் நின்று டீ வாங்கிக் குடிக்கிறார்கள், பொறையை அதில் நனைத்துத் தின்கிறார்கள். பெஞ்சில் இடம் இருக்கும்போதும் பலர் நின்றேதான் குடிக்கிறார்கள், பேருந்து வரும் திசையைப் பார்த்தபடி.