நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவு ஆய்வு

நிலத்தடி எரிபொருள் தொட்டிக் கசிவு ஆய்வு என்பது, பெட்ரோல், டீசல், விமான எரிபொருள் போன்றவற்றைச் சேமிப்பதற்காகப் புதைக்கப்பட்ட தொட்டிகளிலோ அவற்றோடு இணைந்த குழாய்களிலோ கசிவு ஏற்படும்போது, மண்ணும் நிலத்தடி நீரும் எந்த அளவில், எவ்வளவு தொலைவுக்கு மாசடைந்துள்ளன என்பதைக் கண்டறியும் பணி ஆகும். இதில் நிலவியல், வேதியியல், பொறியியல் ஆகிய துறைகளின் அறிவு பயன்படுத்தப்படுகின்றது. கசிவு கண்ணுக்குப் புலப்படாத இடத்தில் நிகழ்வதால், அருகிலுள்ள கிணற்று நீரில் எரிபொருள் மணம் வீசிய பின்னரே பல கசிவுகள் வெளிப்பட்டுள்ளன.

வரலாறு

20ஆம் நூற்றாண்டில் வாகனங்கள் பெருகியபோது, ஐக்கிய அமெரிக்காவின் எரிபொருள் நிலையங்களில் காப்புப்பூச்சு இல்லாத எஃகுத் தொட்டிகள் பெருமளவில் புதைக்கப்பட்டன. தீ விபத்தைத் தவிர்ப்பது இதன் முக்கிய நோக்கமாகும். ஈர மண்ணில் எஃகு அரிக்கப்பட்டதால், காலப்போக்கில் இவற்றுள் பல கசியத் தொடங்கின. 1984 இல் அந்நாட்டின் காங்கிரசு இத்தொட்டிகளை ஒழுங்குபடுத்தச் சட்டத் திருத்தம் கொண்டுவந்தது. 1986 இல் தூய்மையாக்கலுக்கான நிதியம் உருவாக்கப்பட்டது. 1988 இல் வெளியான விதிகள், பழைய தொட்டிகளை 1998 டிசம்பர் 22 ஆம் நாளுக்குள் மேம்படுத்தவோ மாற்றவோ மூடவோ வேண்டும் என்றன. அந்நாட்டில் இதுவரை 5 இலட்சத்துக்கும் மேற்பட்ட கசிவுகள் உறுதிப்படுத்தப்பட்டுள்ளன.

எரிபொருள் பரவும் விதம்

கசிந்த எரிபொருள் புவியீர்ப்பால் கீழ்நோக்கிச் செல்கின்றது. அது மண்ணுக்கடியில் நான்கு வடிவங்களில் காணப்படும்:

- மண்துகள்களுக்கு இடையே சிக்கிய நீர்மம்
- மண் இடைவெளிகளில் பரவும் ஆவி
- நீர்மட்டத்தின் மேல் மிதக்கும் படலம் (பெட்ரோல் நீரைவிட அடர்த்தி குறைந்தது)
- நிலத்தடி நீரில் கரைந்து, நீரோட்டத் திசையில் நகரும் மாசு

கரையும் சேர்மங்களுள் பென்சீன், தொலுயீன், எத்தில்பென்சீன், சைலீன் ஆகியவை முதன்மையானவை. பென்சீன் மனிதரில் புற்றுநோயை உண்டாக்கக்கூடியது. குடிநீரில் இதன் உச்ச அளவு லிட்டருக்கு 5 மைக்ரோகிராம் என ஐக்கிய அமெரிக்கா வரையறுத்துள்ளது. உலக சுகாதார அமைப்பின் வழிகாட்டு அளவு 10 மைக்ரோகிராம். 1 விழுக்காடு பென்சீன் கொண்ட பெட்ரோலின் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 9 கிராம் பென்சீன் இருக்கும். அது முழுவதும் கரைந்தால், 17 இலட்சம் லிட்டருக்கும் மேற்பட்ட நீரை 5 மைக்ரோகிராம் வரம்புக்குக் கொண்டுசெல்லப் போதுமானது. சிறிய கசிவும் புறக்கணிக்கத்தக்கதன்று என்பதை இது காட்டுகின்றது.

ஆய்வின் படிநிலைகள்

1. ஆவணச் சோதனை: தொட்டிகளின் வயது, இருப்பிடம், பழைய வரைபடங்கள், எரிபொருள் கொள்முதல், விற்பனைக் கணக்குகள் ஆகியவை ஒப்பிடப்படுகின்றன.

2. கசிவுச் சோதனை: மணிக்கு 0.1 கேலன் (ஏறத்தாழ 0.38 லிட்டர்) அளவிலான கசிவையும் கண்டறியும் திறன் இச்சோதனைக்கு வேண்டும் என்பது அமெரிக்க விதி. 10,000 லிட்டர் பெட்ரோல் 1 பாகை செல்சியசு குளிர்ந்தாலே ஏறத்தாழ 9 லிட்டர் சுருங்கும். எனவே வெப்பநிலைத் திருத்தம் இல்லாத அளவீடு தவறான முடிவைத் தரும்.

3. மண் ஆய்வு: மண்ணிடை ஆவி அளக்கப்பட்ட பின், துளையிட்டு வெவ்வேறு ஆழங்களில் மண் மாதிரிகள் எடுக்கப்படுகின்றன.

4. கண்காணிப்புக் கிணறுகள்: ஒரே நேர்கோட்டில் அமையாத குறைந்தது மூன்று கிணறுகளின் நீர்மட்ட உயரங்களைக் கொண்டு நீரோட்டத் திசை கணிக்கப்படுகின்றது. துளையுள்ள குழாய்ப்பகுதி நீர்மட்டத்தின் மேலும் கீழும் அமைய வேண்டும். இல்லையேல் மிதக்கும் படலம் கிணற்றுக்குள் வராது.

5. நீர் மாதிரி: பென்சீன் எளிதில் ஆவியாவதால், சிறு கண்ணாடிக் குப்பிகள் காற்றுக்குமிழி இன்றி நிரப்பப்படுகின்றன. நுண்ணுயிர்கள் அதைச் சிதைக்காதிருக்க அமிலம் சேர்த்துக் குளிரூட்டி ஆய்வகத்துக்கு அனுப்புவர். அங்கு வளிம நிறப்பகுப்பியல் முறையில் பகுப்பாய்வு நடைபெறுகின்றது.

முடிவுகளை விளங்கிக்கொள்ளல்

கிணற்றில் காணப்படும் எரிபொருள் படலத்தின் தடிப்பு, சூழவுள்ள மண்ணில் உள்ளதைவிடக் கூடுதலாகத் தோன்றலாம். மழைக்காலத்தில் நீர்மட்டம் உயரும்போது எரிபொருள் மண்துளைகளில் சிக்கிக்கொள்வதால், கிணற்றில் படலம் மறைந்துவிடவும் கூடும். இது இடம் தூய்மையானதன் அடையாளம் அன்று. நீர்மட்டம் தாழும்போது படலம் மீண்டும் தோன்றும். ஆதலால் ஒருமுறை எடுத்த மாதிரி போதாது. வெவ்வேறு பருவங்களில் அளவீடுகள் தேவை.

குறிப்பிடத்தக்க நிகழ்வுகள்

- சாந்தா மோனிக்கா, கலிபோர்னியா: 1995 இல் நகரின் குடிநீர்க் கிணறுகளில் மெத்தில் டெர்ட்-பியூட்டைல் ஈதர் என்னும் பெட்ரோல் சேர்பொருள் கண்டறியப்பட்டது. இது நீரில் நன்கு கரைந்து, பென்சீனைவிட வேகமாகப் பரவும். 1996 இல் கிணறுகள் மூடப்பட்டு, நகரம் தன் குடிநீரில் ஏறத்தாழ பாதியை இழந்தது.

- ரெட் ஹில், ஹவாய்: இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அமெரிக்கக் கடற்படை அமைத்த 20 பெருந்தொட்டிகள், நீர்கொள் படுகைக்கு ஏறத்தாழ 30 மீட்டர் மேலே இருந்தன. 2014 இல் ஒரு தொட்டியிலிருந்து ஏறத்தாழ 1 இலட்சம் லிட்டர் எரிபொருள் கசிந்தது. 2021 நவம்பரில் ஒரு குழாயிலிருந்து வெளியேறிய எரிபொருள் குடிநீரில் கலந்து, ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பாதிக்கப்பட்டன. 2022 மார்ச்சில் இக்கிடங்கை நிரந்தரமாக மூட ஆணையிடப்பட்டது.

- தண்டையார்பேட்டை, சென்னை: 2013 இல் இங்குள்ள நிலத்தடி நீரில் எண்ணெய் கலந்தது தெரியவந்தது. இங்கு மூலம் தொட்டி அன்று. நிலத்தடியில் செல்லும் எரிபொருள் குழாய் ஆகும்.

தூய்மையாக்கல்

மாசடைந்த மண்ணை அகழ்ந்து அகற்றல், மண்ணிலுள்ள ஆவியை உறிஞ்சுதல், நீரை இறைத்துச் சுத்திகரித்தல், காற்றைச் செலுத்தி நுண்ணுயிர்ச் சிதைவை விரைவுபடுத்தல் ஆகியவை வழக்கிலுள்ள முறைகள். எம்முறை பொருந்தும் என்பது மண்ணின் தன்மையையும் அருகிலுள்ள குடிநீர்க் கிணறுகளையும் பொறுத்தது.

இவற்றையும் பார்க்க

- நிலத்தடி நீர்
- பென்சீன்
- மண் மாசடைதல்