நர்சம்மா மேலே போகிற வழி: சேர்வராயன் மலையிலிருந்து ஒரு பழைய கதை

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருக்கும்போது படியுங்கள்.

போன வாரம் காலையில் காபி கலந்துகொண்டிருந்தபோது ஏற்காட்டிலிருந்து ஒரு போன். என்னிடம் பத்தாம் வகுப்பு வரை படித்த பெண். மலையாளி இனப் பெண். (பட்டணத்துச் சொந்தங்களுக்காகச் சொல்கிறேன்: இவர்கள் கேரளத்தவர் அல்ல. மலையை ஆளுகிறவர்கள் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சியிலிருந்து மூன்று அண்ணன் தம்பிகள் வந்து சேர்வராயன், கொல்லி, பச்சை என்று மலைக்கு ஒருவராகக் குடியேறியதாக அவர்களே கதை சொல்வார்கள்.) இருபது வருடமாக அந்த மலையிலேயே கிராம சுகாதார செவிலியராக இருக்கிறாள்.

"டீச்சர், ப்ரமோஷன் லிஸ்ட்ல என் பேரு வந்திருக்கு. ஆறு மாசம் ட்ரெய்னிங். அப்புறம் எங்க போடுவாங்கன்னு தெரியாது. போகட்டுமா, வேணாமா?"

நாளைக்குச் சொல்கிறேன் என்று போனை வைத்துவிட்டேன். உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். சரித்திர டீச்சருக்கு எதையும் ஆதியிலிருந்து ஆரம்பித்தால்தான் புரியும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1820களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை ஏற்காட்டில் காபி வைத்தார் என்று வகுப்பில் நடத்தியிருக்கிறேன். ஆரஞ்சும் ஆப்பிளும்கூட அவர் கொண்டுவந்தவைதான். வெள்ளைக்காரர்கள் உடம்பு தேற மலைக்கு வந்தார்கள். ஆனால் அதே மலையில் காலங்காலமாக இருந்த பெண்களுக்குப் பிரசவம் பார்த்தது ஊர் மருத்துவச்சிதான். சிக்கலான கேஸ் என்றால் தூளி கட்டித் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியதுதான். 1951-ல் தோட்டத் தொழிலாளர் சட்டம் வந்தபிறகு எஸ்டேட் முதலாளிகள் வைத்திய வசதி செய்து தர வேண்டும் என்று ஆனது. அது எஸ்டேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு. மலைக்கிராமத்துப் பெண்ணுக்கு அதில் இடமில்லை.

சென்னை மாகாணம் இந்த விஷயத்தில் பின்தங்கியது என்று சொல்ல முடியாது. செவிலியரையும் மருத்துவச்சிகளையும் பதிவு செய்ய 1926-லேயே இங்கே சட்டம் வந்துவிட்டது. பொது சுகாதாரத்துக்கென்று தனிச் சட்டம் 1939-ல் வந்தது, இந்தியாவிலேயே முதலாவது. சட்டம் இருந்தது, ஆள்தான் இல்லை. 1946-ல் வந்த போர் கமிட்டி அறிக்கையின் கணக்கைப் பாருங்கள். பிரிவினைக்கு முந்தைய பிரிட்டிஷ் இந்தியாவுக்குச் சுமார் 7,000 நர்சுகள், 5,000 மருத்துவச்சிகள், 750 ஹெல்த் விசிட்டர்கள். அதாவது நான்கு லட்சம் பேருக்கு ஒரு ஹெல்த் விசிட்டர். நர்சுகள் தங்கும் இடமும் வேலை நேரமும் சம்பளமும் எவ்வளவு மோசம் என்பதையும் அந்தக் கமிட்டி மறைக்காமல் எழுதியது.

ஹெல்த் விசிட்டர் என்ற சொல்லில் கொஞ்சம் நிற்க வேண்டும். நான் சொல்ல வருவதே அதைப் பற்றித்தான்.

1862-ல் இங்கிலாந்தில் மான்செஸ்டர், சால்ஃபோர்டு பக்கத்துப் பெண்கள் சங்கம் ஒன்று ஏழைத் தெருக்களில் வீடு வீடாகப் போய்ச் சுத்தமும் குழந்தை வளர்ப்பும் சொல்லித்தரப் பெண்களை அனுப்பியது. தொடக்கம் அதுதான். 1892-ல் பக்கிங்ஹாம்ஷயர் கிராமங்களில் இதற்கென்றே பெண்களைப் பயிற்றுவிக்கும் ஏற்பாட்டுக்குப் பின்னால் இருந்தவர் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல். கைவிளக்கோடு நிற்கும் படத்தை மட்டும் பாடப்புத்தகத்தில் போட்டு இந்த அம்மாளின் பாதி வேலையை மறைத்துவிட்டோம். அவர்கள் அனுப்பிய பெண்ணுக்கு வேலை சொல்லிக்கொடுப்பது. தப்பு கண்டுபிடிப்பது அல்ல.

நம் நாட்டில் சுதந்திரத்துக்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்கள் வந்தன. 1950களில் துணைச் செவிலியர் படிப்பு, அதாவது ஏ.என்.எம்., இரண்டு வருடப் படிப்பாக ஆரம்பமானது. அவளுக்கு மேலே ஹெல்த் விசிட்டர். 1973-ல் கர்தார் சிங் கமிட்டி அறிக்கை வந்தது. மலேரியாவுக்கு ஒருவர், அம்மைக்கு ஒருவர், குடும்பக் கட்டுப்பாட்டுக்கு ஒருவர் என்று ஆளுக்கொரு வேலையாக அலைய வேண்டாம், எல்லாம் தெரிந்த ஒரே பணியாளர் போதும் என்றது. நல்ல யோசனைதான். கூடவே, மூன்று நான்கு பணியாளருக்கு ஒரு மேற்பார்வையாளர் என்று சொல்லி, ஹெல்த் விசிட்டரை அந்த இடத்தில் வைத்தது. விசிட்டர் சூப்பர்வைசர் ஆனார். பெயர் மாறினால் வேலையும் மெல்ல மாறும். சொல்லிக்கொடுத்தவர் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிறவர் ஆனார். மூன்று நான்கு என்பதும் பிறகு ஆறு துணை சுகாதார நிலையத்துக்கு ஒருவர் என்று ஆகிவிட்டது. 1977-ல் ஏ.என்.எம். படிப்பை இரண்டு வருடத்திலிருந்து பதினெட்டு மாதமாகக் குறைத்தார்கள். படிப்பையும் குறைத்து, பக்கத்தில் நின்று சொல்லித்தருகிறவரையும் தூரத்தில் வைத்தால் பத்தொன்பது வயதுப் பெண் என்ன செய்வாள்?

நம் சேலம் மாவட்டத்துக்கு ஒரு அதிர்ஷ்டம். 1980களில் டென்மார்க் அரசின் டானிடா உதவித் திட்டம் தமிழ்நாட்டுக்கு வந்தபோது எடுத்துக்கொண்ட மாவட்டங்கள் இரண்டு: சேலமும் தென்னாற்காடும். துணை சுகாதார நிலையக் கட்டடங்கள், பயிற்சி, வண்டி என்று பலதும் வந்தன. டானிடா கட்டடம் என்று ஊர்க்காரர்கள் இன்றும் சொல்வதைக் கேட்கலாம். சமவெளியில் 5,000 பேருக்கு ஒரு துணை நிலையம், மலையில் 3,000 பேருக்கு ஒன்று என்பது அரசாங்கக் கணக்கு. 3,000 என்றால் குறைவுதானே என்று நினைக்காதீர்கள். காபித் தோட்டத்துக்குள் பத்து வீடு, அடுத்த சரிவில் பதினைந்து வீடு. மழைக்காலத்தில் அட்டை வேறு.

இந்தப் பெண் 2004 வாக்கில் வேலைக்குச் சேர்ந்தபோது அவளுக்கு மேலே இருந்த பகுதி சுகாதார செவிலியர் பழைய காலத்து மனுஷி. எல்லோருக்கும் பெரிய சிஸ்டர். முதல் மாதம் முழுக்க இவளோடு நடந்தாராம். கண் இமையைக் கீழே இழுத்துச் சோகை பார்ப்பது, விரல் வைத்து எத்தனை மாதம் என்று அளப்பது எல்லாம் படிப்பிலேயே இருக்கிறது. படிப்பில் இல்லாததையும் அவர் சொல்லிக்கொடுத்தார். மாத்திரையை மருமகளிடம் கொடுக்காதே, மாமியாரிடம் கொடு, அவர்தான் தினமும் ஞாபகமாக விழுங்க வைப்பார் என்றாராம். புதன்கிழமை தடுப்பூசிக்கு வராத வீட்டுக்கு வியாழக்கிழமையே போய்விடு, அடுத்த புதன் வரை விட்டால் அவர்களுக்கு உன்னைப் பார்க்க வெட்கமாகிவிடும் என்றாராம். முதல் தடவை ரத்தப்போக்கு கேஸ் வந்தபோது இவள் கை நடுங்கியிருக்கிறது. பெரிய சிஸ்டர் திட்டவில்லை. "நீ அவ தலைமாட்டுல உக்காந்து பேச்சு குடு, நான் பாத்துக்கறேன்" என்று மட்டும் சொன்னாராம். இரண்டாவது தடவை இவளே பார்த்துக்கொண்டாள்.

இதைத்தான் இப்போது மென்டரிங் என்கிறார்கள். 2012 வாக்கில் வட கர்நாடகத்தில் இதையே ஒரு முறையாகச் செய்து பார்த்தார்கள். அனுபவமுள்ள நர்சுகள் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குப் போய், இரண்டு மூன்று நாள் தங்கி, அங்குள்ள நர்சுகளோடு சேர்ந்து வேலை பார்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். மதிப்பெண் போடுவது, மெமோ கொடுப்பது எதுவும் அவர்கள் வேலை இல்லை.

இனி என் கதை.

இந்தப் பெண் பத்தாவது முடித்த வருடம் என்னிடம் வந்து, "நர்ஸ் ஆகணும் டீச்சர், என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். நல்ல மார்க். நான் கொஞ்சமும் யோசிக்காமல், "ஏ.என்.எம். படி, உனக்கு அது போதும்" என்றேன். அதே மாதம் என் அண்ணன் மகளும் அதே கேள்வியைக் கேட்டாள். அவளிடம், ப்ளஸ் டூ முடித்துவிட்டு பி.எஸ்சி. நர்சிங் போ என்று சொன்னேன். இரண்டு பேருக்கும் மார்க்கில் பெரிய வித்தியாசம் இல்லை. அண்ணன் மகள் இன்று வெளிநாட்டில் பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு பொறுப்பில் இருக்கிறாள், சந்தோஷம். மலைப்பெண்ணுக்கு ஏன் "போதும்" என்றேன்? இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததிலிருந்து அந்த ஒரு சொல் என்னைக் குத்துகிறது.

இரண்டும் ஒரே படிப்பின் கீழ்ப்படி, மேல்படி என்று அன்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. ஆஸ்பத்திரி ஸ்டாஃப் நர்ஸ் மேலே போனால் கண்காணிப்பாளர். கிராம சுகாதார செவிலியர் மேலே போனால் பகுதி சுகாதார செவிலியர், பிறகு சமுதாய சுகாதார செவிலியர், அதற்கும் மேலே மாவட்ட தாய் சேய் நல அலுவலர். ஒரு வட்டாரத்தில் இத்தனை பேர் கீழே இருக்க மாவட்டத்துக்கு ஒரே ஒரு இடம். அந்த வரிசையிலிருந்து இந்த வரிசைக்குத் தாண்ட வேண்டுமானால் மறுபடி மாணவியாக உட்கார்ந்து மூன்று வருடம் படிக்க வேண்டும். கைக்குழந்தையோடும் கடனோடும் யார் படிப்பார்கள்?

ஸ்டாஃப் நர்சுகளுக்கு மட்டும் எல்லாம் சுலபம் என்றும் சொல்ல மாட்டேன். 2005-க்குப் பிறகு ஆரம்ப சுகாதார நிலையங்களில் இருபத்துநாலு மணி நேரமும் பிரசவம் பார்க்க மூன்று நர்சுகள் வைத்தது தமிழ்நாட்டின் பெரிய சாதனை. ஆனால் பலர் ஒப்பந்த முறையில் வந்தவர்கள். 2015-ல் தேர்வு எழுதி வந்தவர்களுக்குத் தொகுப்பூதியம் மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடியதை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத பெண்ணிடம் பதவி உயர்வைப் பற்றி என்ன பேசுவது?

மறுநாள் நானே அவளுக்குப் போன் செய்தேன். முதலில் அந்த "போதும்" விஷயத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் சிரித்துவிட்டாள். "அன்னிக்கு நீங்க ப்ளஸ் டூ படின்னு சொல்லியிருந்தா எங்கப்பா அதுக்கும் அனுப்பியிருக்க மாட்டாரு டீச்சர்." என்னைத் தேற்றத்தான் சொன்னாளா, நிஜம்தானா, தெரியவில்லை. இருந்தாலும் முயற்சி செய்து பார்த்திருக்க வேண்டியது நான்.

அப்புறம் கேட்டேன், "உனக்கு என்னம்மா தயக்கம்?" ஊரை விட்டுப் போவது என்று நினைத்தேன். அது பாதிதான். "பெரிய சிஸ்டர் மாதிரி கூட நடக்க இப்ப யாருக்கு டைம் இருக்கு? பிக்மில என்ட்ரி ஏறலன்னு கேக்கறதுக்கே நாள் போயிரும். சூப்பர்வைசர் ஆயிட்டு பொண்ணுங்களத் திட்டற ஆளாயிருவேனோன்னு பயமா இருக்கு."

போ என்று சொன்னேன். அந்தப் பயம் இருக்கிற ஆள்தான் அந்த நாற்காலிக்குத் தேவை என்றேன். ஆறு கிராமத்துக்கு ஆறு பெண்கள் இருப்பார்கள், புதிதாக வருகிறவளோடு மட்டும் முதல் மாதம் நடந்தால்கூடப் போதும் என்றேன். மறுபடியும் "போதும்" என்று வாயில் வந்துவிட்டது, இருவருமே சிரித்துவிட்டோம்.

திங்கட்கிழமை பயிற்சிக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் இடத்துக்கு இன்னும் ஆள் போடவில்லையாம். பக்கத்துத் துணை நிலையத்துப் பெண் இரண்டு இடத்தையும் பார்க்கிறாள், வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகிறது. எந்த வீட்டில் மாமியாரிடம் மாத்திரை கொடுக்க வேண்டும், எந்த வீட்டில் மருமகளிடமே கொடுக்கலாம் என்று ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டுத்தான் நம்மவள் பஸ் ஏறினாளாம்.

சேலத்திலும் ஏற்காட்டிலும் இருக்கிற என் மாணவிகளில் நர்சிங் முடித்தவர்கள் இருந்தால் எனக்குத் தனியாக எழுதுங்கள். அந்த எட்டு மாதப் பெண்ணின் நம்பர் வாங்கி வைத்திருக்கிறேன்.