குழந்தைக்காக ஒரு குரல்



வழக்கென்று வந்தால் வாதிக்கு ஒரு வழக்கறிஞர் உண்டு. எதிர்வாதிக்கும் ஒருவர் உண்டு. வீட்டாரின் கொடுமைக்கு ஆளான குழந்தையைப் பற்றிய வழக்கில், அக்குழந்தைக்காகப் பேசுபவர் யார்? இவ்வினாவின் வரலாறு நாம் அறியத்தக்கது.

1874-ஆம் ஆண்டு, நியூயார்க் நகரின் ஏழைக் குடியிருப்பு ஒன்றில், மேரி எலன் என்னும் பத்து வயதுச் சிறுமி தன்னை வளர்த்தவளிடம் நாள்தோறும் அடியுண்டு வந்தாள். நோயுற்றுக் கிடந்த அண்டை வீட்டுப் பெண் ஒருத்தி இதனை எட்டா வீலர் என்னும் தொண்டரிடம் கூறினாள். காவல்துறையினர் சான்று கேட்டனர். அறநிலையத்தார், சட்டப்படி ஒப்படைத்தால் ஏற்போம் என்றனர். வீலர் சோர்ந்துவிடவில்லை. விலங்கு வதைத் தடுப்புக் கழகத்தை நிறுவிய ஹென்றி பெர்க்கை நாடினார். பெர்க்கின் வழக்கறிஞர் எல்பிரிட்ஜ் ஜெரி, ஆட்கொணர்வுச் சட்டத்தின் துணைகொண்டு சிறுமியை நீதிமன்றத்துக்கு வரவழைத்தார். தன்னை எவரும் முத்தமிட்டதாக நினைவில்லை என்று அச்சிறுமி அங்கே கூறினாள். வளர்த்தவளுக்கு ஓராண்டுச் சிறைத்தண்டனை கிடைத்தது.

விலங்குகளுக்கான சட்டத்தாலேயே அவள் மீட்கப்பட்டாள் என்பது வெறும் கதை. குழந்தைகளைக் காக்கும் சட்டம் அன்றும் இருந்தது. அதனைக் கையில் எடுத்துச் செல்ல ஓர் ஆள்தான் இல்லை.

தீர்ப்போடு வீலரின் பணி முடியவில்லை. சிறுமியை ஒரு விடுதியில் சேர்த்தபோது, அவ்விடம் அவளுக்குத் தகாது என்று வாதாடி, தம் தாயாரிடம் வளரச் செய்தார்.

நூறாண்டுகள் கழிந்தன. வாஷிங்டன் மாநிலத்துச் சியாட்டில் நகர நீதிபதி டேவிட் சூக்கப், குழந்தைகளைப் பற்றிப் போதிய செய்தியின்றியே அவர்களுடைய வாழ்வை முடிவு செய்ய நேர்வதை எண்ணி வருந்தினார். பொதுமக்களிலிருந்து தொண்டர்களைத் திரட்டலாமா என்று ஆராய, ஒரு பகலுணவுக் கூட்டத்துக்கு அழைப்பு விடுத்தார். நால்வரோ ஐவரோ வருவர் என எதிர்பார்த்த இடத்தில் ஐம்பது பேர் வந்தனர்! 1977-இல் தொடங்கிய அத்திட்டம் பின்னர் அந்நாடெங்கும் பரவியது.

இத்தொண்டர்கள் சட்டம் பயின்றவர்களாக இருத்தல் வேண்டா. பயிற்சி பெற்றிருந்தால் போதும். குழந்தையை அடிக்கடி கண்டு பேசுவர். பெற்றோர், ஆசிரியர், மருத்துவர் ஆகியோரை வினவுவர். குழந்தைக்கு நன்மை எதுவென நீதிபதிக்கு எழுதித் தருவர். அலுவலர்கள் மாறலாம், நிலையான ஓர் இல்லம் அமையும்வரை தொண்டர் மாறாதிருக்க முயல்வார்.

நம் நாட்டிலும், பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்க 2012-இல் இயற்றப்பட்ட சட்டத்தின்கீழ், வழக்கு நடைபெறும் காலத்தில் குழந்தைக்கு உறுதுணையாளர் ஒருவரை அமர்த்த வழியுண்டு. ஏட்டிலுள்ள அவ்வழி பயன்பட வேண்டுமாயின், முன்வரும் மனிதர்கள் வேண்டும்.

மேரி எலன் 1956 வரை, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் வாழ்ந்தார். தம் மகள்களுள் ஒருத்திக்கு அவர் இட்ட பெயர் எட்டா என்பதாகும்.