பொத்துவில் எம்.பி. எங்கே போனார்?



போன வாரம் தரம் 11 குடியுரிமைக் கல்விப் பாடத்தில் தேர்தல் முறைகளைப் படிப்பித்துக்கொண்டிருந்தேன். தம்பிலுவில் பிள்ளை ஒன்று கை உயர்த்திக் கேட்டது: "சேர், தேர்தல் முடிவு சொல்லக்குள்ள பொத்துவில் தொகுதி எண்டு சொல்லுறாங்க. அப்ப பொத்துவில் எம்.பி. ஆரு?"

"இப்ப அப்படி ஒருத்தரும் இல்ல மகள்" என்றேன். "அப்ப ஏன் தொகுதி?" என்றது அடுத்த கேள்வி. மணி அடித்துவிட்டது. வகுப்பில் சொல்லி முடிக்காததை இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம். பொறுமையாக வாசியுங்கள்.

1947இல் முதலாவது பாராளுமன்றத் தேர்தல் நடந்தபோது அம்பாறை மாவட்டம் என்று ஒன்று இருக்கவில்லை. நாம் எல்லோரும் மட்டக்களப்பு மாவட்டம்தான். கல்குடா, மட்டக்களப்பு, பட்டிருப்பு, கல்முனை, பொத்துவில் என்று ஐந்து தொகுதிகள். அப்போது ஆசனங்களைச் சனத்தொகைக்கு மட்டும் கொடுக்கவில்லை. மாகாணத்தின் 1,000 சதுர மைலுக்கு ஒன்று என்று நிலப்பரப்புக்கும் கொடுத்தார்கள். காடும் களப்பும் வயலும் நிறைந்த, ஆட்கள் குறைந்த கிழக்குக்கு அதனால் குரல் கிடைத்தது.

பொத்துவிலின் முதல் உறுப்பினர் எம்.எம். இப்ராஹிம். 1952இலும் அவரே. 1956இல் எம்.எம். முஸ்தபா. இந்த 1956 தேர்தலை நம் பிள்ளைகள் கட்டாயம் அறிய வேண்டும். முஸ்தபா வென்றது தமிழரசுக் கட்சியில். பக்கத்துக் கல்முனையில் கேற் முதலியார் எம்.எஸ். காரியப்பரும் அதே கட்சியில்தான் வென்றார். தனிச்சிங்களச் சட்டம் வரப்போகிறது என்ற அச்சத்தில் தமிழ் பேசும் இரண்டு சமூகமும் ஒரே வீட்டுச் சின்னத்துக்குப் புள்ளடி போட்ட காலம் அது.

ஆனால் இரண்டு பேரும் பிறகு அரசாங்கப் பக்கம் போய்விட்டார்கள். முஸ்தபா தஹநாயக்கவின் அமைச்சரவையில் நிதியமைச்சராகவும் இருந்தார். இந்த மண்ணின் பிரதிநிதி ஒருவர் நாட்டின் நிதியமைச்சரானது பெருமைதான். ஆனால் வாக்குப் போட்ட தமிழ்ச் சகோதரர் மனதில் என்ன விழுந்திருக்கும் என்பதையும் நாம் யோசிக்க வேண்டும்.

1959 எல்லை நிர்ணயத்தில் நிந்தவூரும் அம்பாறையும் புதிய தொகுதிகளாகின. 1961இல் அம்பாறை தனி மாவட்டமானது. பொத்துவிலில் 1960இல் நடந்த இரண்டு தேர்தல்கள், 1965, 1970 என்று தொடர்ந்து வென்றவர் எம்.ஏ. அப்துல் மஜீத்.

ஆக 1947 முதல் 1970 வரை ஏழு பொதுத்தேர்தல். ஏழிலும் முஸ்லிம் பிரதிநிதியே. தம்பிலுவில், திருக்கோவில், கோளாவில், பனங்காடு மக்கள் அத்தனை தேர்தலிலும் வரிசையில் நின்றார்கள். அவர்களுடைய சமூகத்திலிருந்து ஒருவர் போகவில்லை. இதில் யாரும் சதி செய்யவில்லை. ஒரு தொகுதிக்கு ஓர் ஆசனம் என்றால் கூடுதலாக உள்ளவர் வெல்வார். இதே முறையால் வேறு ஊர்களில் எத்தனை இடத்தில் முஸ்லிம்களுக்குக் குரல் இல்லாமல் போனது என்பதை நாமும் அறிவோம்.

1976 எல்லை நிர்ணயம் இதற்கு ஒரு மருந்து கண்டது. நிந்தவூர்த் தொகுதி போய் சம்மாந்துறை வந்தது. பொத்துவில் இரட்டை அங்கத்தவர் தொகுதியானது. நாட்டின் 160 தொகுதிகளில் ஆறுதான் இப்படிப் பல அங்கத்தவர் தொகுதிகள்: மத்திய கொழும்பு, நுவரெலியா–மஸ்கெலியா, மட்டக்களப்பு, பேருவளை, ஹாரிஸ்பத்துவ, பொத்துவில். முதலிரண்டுக்கும் மூன்று உறுப்பினர், மற்ற நான்குக்கும் இரண்டு. பெரும்பாலும் சமூகங்கள் கலந்து வாழும் இடங்கள். பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் நூற்றாண்டுகளாக இருந்த முறைதான் இது. பிரித்தானியா 1950உடன் அதைக் கைவிட்டுவிட்டது. நமக்கு வந்தது 1977இல்.

இதன் கணக்கைக் கரும்பலகையில் போட்டுக் காட்டினேன். இங்கேயும் பாருங்கள். 300 வாக்காளர். ஒரு சமூகம் 190, மற்றது 110. ஒருவருக்கு இரண்டு வாக்கு. இரண்டையும் ஒரே வேட்பாளருக்கே கொடுக்கலாம், பிரித்தும் கொடுக்கலாம். 110 பேரும் இரண்டு வாக்கையும் ஒருவருக்கே போட்டால் 220. 190 பேர் ஆளுக்கு ஒன்றாக இரண்டு வேட்பாளருக்குப் பிரித்தால் ஒவ்வொருவருக்கும் 190. 220 வென்றுவிடும். 190 பேரும் புத்தியாக ஒருவருக்கே போட்டால் 380, அவர் முதலாவது. ஆக இரண்டு பக்கத்துக்கும் ஒவ்வொருவர். மூன்றில் ஒரு பங்குக்குக் கூடுதலாக இருந்து, ஒற்றுமையாகவும் இருந்தால் ஓர் ஆசனத்தை யாரும் பறிக்க முடியாது. ஒருவர் வெல்ல மற்றவர் தோற்கத் தேவையில்லை.

1977 ஜூலை 21இல் அதுதான் நடந்தது. ஐக்கிய தேசியக் கட்சியில் எம்.ஏ.எம். ஜலால்தீனும் தமிழர் விடுதலைக் கூட்டணியில் எம்.சி. கனகரத்தினமும் தெரிவானார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகு பொத்துவிலில் இருந்து ஒரு தமிழர்.

அதன் பிறகு நடந்ததைக் கவனியுங்கள். அந்த வருட டிசம்பரிலேயே கனகரத்தினம் ஆளும் கட்சிக்கு மாறினார். 1978 ஜனவரியில் கொழும்பில் அவர் சுடப்பட்டார். அந்தக் காயத்திலிருந்து மீளாமலே 1980 ஏப்ரலில் இறந்தார். அவருடைய இடத்துக்குச் சகோதரி ரங்கநாயகி பத்மநாதன் நியமிக்கப்பட்டார். மக்களிடம் மறுபடி கேட்கப்படவில்லை.

1978 அரசியலமைப்பு விகிதாசார முறையைக் கொண்டுவந்தது. 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலுக்குப் பதிலாகச் சர்வஜன வாக்கெடுப்பு. விளக்கா, குடமா என்று கேட்டார்கள். விளக்கு வென்று, 1977 பாராளுமன்றம் இன்னும் ஆறு வருடம் நீண்டது. அடுத்த பொதுத்தேர்தல் 1989 பெப்ரவரியில் வந்தபோது பொத்துவில் தொகுதிக்கு உறுப்பினரே இல்லை. அம்பாறை, சம்மாந்துறை, கல்முனை, பொத்துவில் நான்கும் சேர்ந்து திகாமடுல்ல தேர்தல் மாவட்டம் ஆகிவிட்டன. பொத்துவில் வாக்கு எண்ணுவதற்கான பிரிவாக மட்டும் மிஞ்சியது.

அந்த இரட்டை ஆசனத்துக்காக நாம் வாக்களித்தது ஒரே ஒரு தடவை. பொத்துவில் எம்.பி. எங்கே போனார் என்ற பிள்ளையின் கேள்விக்குப் பதில் இதுதான்.

புதிய முறையால் நன்மை இல்லை என்று சொல்ல வரவில்லை. 1988இல் 15ஆவது திருத்தம் வெட்டுப்புள்ளியை 12.5 வீதத்திலிருந்து 5 வீதமாகக் குறைத்தது. 1989இல் மர்ஹூம் எம்.எச்.எம். அஷ்ரப் திகாமடுல்லையில் இருந்து பாராளுமன்றம் போனார். முஸ்லிம்களின் தனிக் குரல் எழுந்தது அந்த முறைக்குள்தான்.

ஆனால் பழைய கணக்கு இன்னும் மாறவில்லை. 2010இல் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பில் தெரிவான பொடியப்புஹாமி பியசேன அதே வருடமே அரசாங்கப் பக்கம் போனார். 1956ஐயும் 1977ஐயும் அறிந்தவர்களுக்கு அது புதுக்கதை இல்லை. 2020இல் மாவட்டத்துத் தமிழ் வாக்குகள் இரண்டு அணியாகப் பிரிந்தன. ஏழு ஆசனத்தில் ஒன்றில்கூட தமிழர் இல்லை. தேசியப் பட்டியலில் இருந்து ஒருவரைக் கொடுத்துத்தான் சமாளித்தார்கள். 2024இல் கவீந்திரன் கோடீஸ்வரன் தெரிவாகி அந்த இடம் மீண்டது.

கட்சி மாறுவது தமிழ்ப் பக்கத்துக்கு மட்டும் உரிய நோய் என்று நம்மவர் யாரும் எழுத வேண்டாம். நம் பக்கத்துப் பட்டியல் இதைவிட நீளம்!

இதை இப்போது எழுதக் காரணம் இருக்கிறது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 செப்டெம்பரில் முடிந்தது. அந்த வருடம் கொண்டுவந்த கலப்பு முறைக்கான எல்லை நிர்ணய அறிக்கையை 2018 ஓகஸ்டில் பாராளுமன்றம் நிராகரித்தது. தொகுதி முறை பற்றிய பேச்சு எப்போது எழுந்தாலும் நம் ஊர்களில் முதலில் வரும் கேள்வி "கோடு எங்கே போடுவார்கள்?" என்பதுதான். அக்கரைப்பற்றுக்கும் ஆலையடிவேம்புக்கும் நடுவில், திருக்கோவிலுக்கும் பொத்துவிலுக்கும் நடுவில் எப்படித்தான் கோடு போட்டாலும் யாரோ ஒருவர் தவறான பக்கத்தில் நிற்பார். லாகுகலை, பாணமைச் சிங்கள மக்களும் இதே பிரிவில்தான் இருக்கிறார்கள்.

அப்படி ஒரு நாள் எல்லை நிர்ணயக் குழு வந்து கருத்துக் கேட்டால், எங்களுக்கு ஒன்று, உங்களுக்கு ஒன்று என்று தனித்தனிக் கோடு கேட்டுப் போகாமல், பள்ளிவாசலும் கோயிலும் சேர்ந்து ஒரே கடிதம் கொடுக்கலாமே. பல அங்கத்தவர் தொகுதி தாருங்கள், பொத்துவிலில் முன்பு இருந்தது என்று கேட்கலாமே. முன்னுதாரணம் நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது.

1977இல் இரண்டு புள்ளடி போட்டவர்கள் இன்றைக்கு அறுபது வயது தாண்டியவர்கள். உங்கள் வாப்பா, உம்மா, அப்பா, அம்மாவிடம் கேளுங்கள்: அன்றைக்கு இரண்டாவது வாக்கை யாருக்குப் போட்டீர்கள்? அவர்கள் சொல்வதைக் கருத்துப் பெட்டியில் எழுதுங்கள். அடுத்த வாரம் அந்தப் பிள்ளைக்கு நான் வாசித்துக் காட்ட வேண்டும்.